வண்டித் தடத்தில் இறங்கிய கார்

நடந்தவை இந்த வரிசையில் நடந்தன:

1. தை மாதம், மாமா மயிலம் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டார்.

2. மாசியில், அவர் ஓட்டிய காருக்கு முன்பக்கம் இரண்டு டயர் மாற்றினார்கள்.

3. சித்திரையில், விழுப்புரம் – திண்டிவனம் ரோட்டில் அந்தக் கார் வலமும் இடமுமாக அலையத் தொடங்கியது.

4. மாமாவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவர் மறுபடியும் குடிக்கிறார் என்று முடிவு செய்தார்கள்.

5. அத்தை தினமும் மாலையில் அவரை ஊதிக் காட்டச் சொன்னாள். வாசனை எதுவும் வரவில்லை. வாசனை வராததும் சந்தேகத்துக்கு இடமாயிற்று.

6. வேவு பார்க்க என்னைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

இப்படி எண் போட்டு எழுதிப் பார்த்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அன்று தோன்றவில்லை. யாரும் எழுதிப் பார்க்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒன்றிலிருந்து நான்குக்கு நேராகத் தாவுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீடும் மாமா வீடும் ஒரே காம்பவுண்டில், நடுவில் ஒரு அடிபம்பு. முதலாளிக்குத் திண்டிவனத்திலும் ஒரு மண்டி உண்டு. வாரத்தில் மூன்று நாள் அங்கே போவார். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ புதுச்சேரிக்கும் போவார். மாமாவின் தொல்லை அங்கேதான் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு, புதுச்சேரியில் கிடையாது. முதலாளி வியாபாரம் பேசிவிட்டு வரும் இரண்டு மணி நேரத்தில் ஒரு டிரைவர் செய்யக்கூடிய காரியங்கள் அதிகம் இல்லை. மாமா அதில் ஒன்றைச் செய்துவந்தார். போன வருடம் அத்தை கைக்குழந்தையோடு வல்லத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டாள். மாமா கற்பூரம் அணைத்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

அத்தையின் சோதனை முறையைச் சொல்லவேண்டும். மாமா மாலையில் வந்து செருப்பைக் கழற்றியதும் அவள் அடுப்படியிலிருந்து வந்து எதிரே நிற்பாள்.

"ஊதுங்க."

மாமா ஊதுவார்.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் ஊதுவார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முகர்வாள். அம்மா பம்படியில் குடத்தை வைத்துவிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருப்பாள்.

"ஒண்ணும் வரல அண்ணி," என்பாள் அத்தை.

"அப்புறம் என்னா, நிம்மதியா இரு."

"ஒண்ணுமே வரலியே. மனுசன் வாய்ல ஒரு வெங்காய வாசனையாவது வர வேணாமா? கொய்யா எலைய மென்னுட்டு வர்றாரு."

மாமா எதுவும் சொல்லமாட்டார். இது எனக்கு ஆத்திரமாக இருக்கும். நான் வகுப்பில் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் உடனே எழுந்து நின்று மறுப்பவள். மாமாவோ முகம் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

கார் அலைவது பொய் இல்லை. முதலாளியே பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தார். நேராகப் போய்க்கொண்டிருக்கும் கார் திடீரென்று ஒரு முழம் இடது பக்கம் சரியும். மாமா திருப்பினால் தேவைக்கு மேல் வலது பக்கம் பாயும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல நேராகப் போகும். திண்டிவனத்தில் காரைப் பார்க்கும் மெக்கானிக்கைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரிடம் மூன்று முறை கொண்டுபோனார்கள். பாய் முதல் முறை ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டாம் முறை முன் சக்கரங்களைத் திருப்பும் கிங் பின்னின் புஷ்ஷை மாற்றினார். மூன்றாம் முறை கயிறு பிடித்து முன் சக்கரங்கள் இரண்டும் ஒரு போக்கில் நிற்கின்றனவா என்று அளந்தார். ஒவ்வொரு முறையும் தன் ஷெட் இருக்கும் மண் தெருவில் மாமாவையே முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொன்னார். கார் ஒவ்வொரு முறையும் நூல் பிடித்தது போலப் போனது.

"வண்டி தங்கம் சேட்டு," என்றார் முதலாளியிடம். "வண்டிக்கு ஒரு பேஜாரும் இல்ல." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. முதலாளி மாமாவைப் பார்த்தார்.

இப்போது கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் அந்த இரண்டு மாதத்தில் வேறு யாரும் அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. அது அந்தத் தொழிலில் ஒரு மரியாதை. ஒருவர் கையில் இருக்கும் வண்டியின் ஸ்டீயரிங்கை இன்னொருவர் தொடமாட்டார். தொட்டால், பழைய டிரைவருக்குச் சீட்டுக் கிழித்தாயிற்று என்று அர்த்தம். பாய்கூட மாமாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஓடிவந்து பார்ப்பாரே தவிர, தான் ஏறி உட்காரமாட்டார்.

பள்ளிக்கூடம் விட்டுக் கோடை விடுமுறை வந்தது. அத்தைக்கு ஒரு யோசனை தோன்றியது. திண்டிவனத்தில் என் அப்பாவின் அக்கா இருந்தாள். அவளைப் பார்க்கப் போவதாகச் சொல்லி முதலாளியிடம் அனுமதி வாங்கி, அவர் திண்டிவனம் போகும் நாளெல்லாம் காரில் முன் சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அத்தை என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "வண்டி எங்கெங்க நிக்குது, மாமா எறங்கி எங்க போறாரு, என்னா குடிக்கிறாரு, எல்லாத்தையும் பாத்துக்கினு வந்து எங்கிட்ட சொல்லணும். அவருகிட்ட சொல்லாத."

"எழுதி வச்சிக்கட்டா அத்தை?"

"எழுதேன். உங்கப்பன் பொண்ணுதான நீ."

அப்பா விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். அங்கே ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நோட்டு உண்டு என்று சொல்லியிருக்கிறார். ஓட்டிவந்த டிரைவர் தன் புகாரை எழுதுவார். பழுது பார்த்தவர் என்ன செய்தார் என்பதை எதிரே எழுதுவார். இரண்டு கட்டமும் நிரம்பினால்தான் எஞ்சின் வெளியே போகும். கட்டம் போட்டு எழுதுவதில் எனக்கு இருந்த ஆசைக்கு அதுதான் ஆரம்பம். கோடு போடாத நோட்டு ஒன்றில் நான்கு கட்டம் போட்டேன்: மைல் கல், என்ன நடந்தது, மாமா என்ன குடித்தார், குறிப்பு.

அத்தைக்கு மூன்றாவது கட்டம் மட்டும்தான் வேண்டும். அது சீக்கிரமே சலித்துவிட்டது. கூட்டேரிப்பட்டில் ஒரு டீ. திண்டிவனத்தில் பானைத் தண்ணீர் இரண்டு லோட்டா. திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் மறுபடி ஒரு டீ. இரண்டாம் நாள் டீக்குப் பதில் மோர். வேறு எதுவும் இல்லை. மாமா எங்கேயும் மறைவாகப் போகவில்லை. அதனால் முன் சீட்டில் எனக்கு வேலை இல்லாமல் போய், மற்ற கட்டங்களை நிரப்பத் தொடங்கினேன். மைல் கற்கள் ஜன்னல் ஓரம் வந்துகொண்டே இருந்தன. கார் சரியும்போதெல்லாம் அடுத்து வரும் கல்லின் எண்ணை எழுதினேன்.

மாமா காரை ஓட்டும் விதம் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருப்பார். விரல் முட்டிகள் வெளுத்திருக்கும். முன்பெல்லாம் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே ஓட்டுகிறவர். அதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: "மாமா பாடவில்லை."

நான்கு பயணங்கள் முடிந்த பிறகு, ஒரு மாலை அத்தையிடம் நோட்டை வாசித்துக் காட்டினேன். டீயும் மோரும் கேட்டு அவள் முகம் மாறவில்லை.

"அவ்ளோதானா?"

"இன்னொண்ணு இருக்கு அத்தை. வண்டி எல்லா எடத்துலயும் இழுக்கல. எண்பத்தெட்டாங் கல்லுலேர்ந்து தொண்ணூத்தி ரெண்டு வரைக்கும்தான் இழுக்குது. நாலு நாளும் அதே எடம். பாலத்து மேல இழுக்கல. கூட்டேரிப்பட்டு தாண்டிப் புதுசாத் தார் போட்ட எடத்துல இழுக்கவே இல்ல."

"அதுக்கு?"

"குடிச்சிருந்தா எல்லா எடத்துலயும்தான இழுக்கணும்?"

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

"உனக்குத் தெரியாது," என்றாள் கடைசியில். "குடிக்கிறவனுக்கு எங்க ஆடணும் எங்க நிக்கணும்னு நல்லாத் தெரியும். எங்கப்பாரு போலீஸ் ஸ்டேசன் வாசல்ல மட்டும் நேரா நடப்பாரு."

அம்மா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. உள்ளே அவளுடைய தகரப் பெட்டி சுவரோரத்திலிருந்து கட்டிலுக்குக் கீழே வந்திருந்தது. குழந்தையின் சட்டைகளை அதில் மடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வல்லத்திலிருந்து அவள் தம்பி வருவதாகவும், வந்தால் கூடப் போய்விடப்போவதாகவும் அம்மாவிடம் சொன்னாள். இந்த முறை கற்பூரத்துக்கெல்லாம் திரும்பி வரமாட்டாளாம்.

ஐந்தாம் பயணம் புதன்கிழமை. காலையில் விக்கிரவாண்டி தாண்டி, நான் எழுதிவைத்த எண்கள் வரத் தொடங்கின. தொண்ணூறாம் கல் அருகில் எதிரே ஒரு பால்காரர் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்க வந்துகொண்டிருந்தார். மாமா ஒதுங்கி வழி கொடுக்கத் திருப்பினார். கார் ஒதுங்கவில்லை. ஏதோ பிடித்துக்கொண்டது போல நேராகவே போனது. மாமா இன்னும் பலமாகத் திருப்பியதும் ஒரேயடியாகத் துள்ளி ஓரத்துக்குப் பாய்ந்து, புளியமரத்துக்கு இரண்டு அடி முன்னால் நின்றது. பால்காரர் பயத்தில் எதிர்ப்பக்கம் மண்ணில் இறங்கி விழுந்தார். அடி இல்லை; ஒரு கேன் பால் முழுவதும் போயிற்று.

அவர் எழுந்து, சைக்கிளைக்கூட நிமிர்த்தாமல் காரிடம் வந்தார். ஜன்னலில் குனிந்து மாமாவின் முகத்துக்கு நேரே மூக்கை நீட்டினார்.

"ஊதுய்யா."

மாமா ஊதினார். அதைவிட வெட்கமான காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் அத்தை சொல்லி ஊதுவது வேறு. இவர் யாரோ.

பால்காரர் குழம்பிப்போய் நிமிர்ந்தார். "வாசன இல்லியே," என்று பின் சீட்டிலிருந்த முதலாளியிடம் முறையிடுவதுபோலச் சொன்னார். "அப்புறம் என்னாத்துக்கு இப்படி ஓட்டுறான்?"

முதலாளி பாலுக்கு ஏதோ கொடுத்து அவரை அனுப்பினார். திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் மெதுவாகத்தான் சொன்னார்: "பாரு, நான் உன்னக் கெட்டவன்னு சொல்லல. எனக்கும் புள்ள குட்டி இருக்குது. இந்த வாரத்தோட நிறுத்திக்குவோம். வேற ஆளு பாத்துக்கிறேன்."

"சரிங்க முதலாளி," என்றார் மாமா.

மறுக்கவேயில்லை. வண்டிதான் திரும்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிந்திருந்தது: அவர் திருப்பினார், வண்டி திரும்பவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

கார் பாய் ஷெட்டுக்குப் போனது. பம்பர் ஓரத்தில் ஏதோ உரசியிருந்தது. பாய் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாய், நீங்க ஒரு தரம் ஓட்டிப் பாருங்களேன்."

"நானா?" என்று அவர் சிரித்தார். "உங்க மாமா கை வண்டிய நான் தொடக்கூடாது பாப்பா. தப்பு."

"லோகோ ஷெட்டுல ஒரு டிரைவரு எஞ்சின் சரியில்லன்னு எழுதுனா, இன்னொரு டிரைவர ஓட்டச் சொல்லித்தான் பாப்பாங்க. எங்கப்பா சொல்லியிருக்காரு."

இது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பா இப்படி ஒரு முறை சொன்னதாக அப்போது நினைத்தேன். நினைத்ததை நிச்சயமாகச் சொன்னேன்.

மாமாதான் பதில் சொன்னார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"வேணாம். யாரும் ஓட்ட வேணாம். நீ போய் உள்ள உக்காரு."

"ஏன் மாமா?"

"வேணாம்னா வேணாம். முதலாளி, வெள்ளிக்கெழம வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போயிடறேன். அதுக்கப்புறம் யாரு வேணா ஓட்டிக்கட்டும்."

அவர் முகம் வெளிறியிருந்தது. முதலாளி அவரையே பார்த்தார். குற்றவாளி அகப்பட்டான் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். கை நீட்டினார்.

"சாவியக் கொடு."

மாமா கொடுத்தார். பாய் கையைத் துடைத்துக்கொண்டு, மாமாவிடம் ஒரு மன்னிப்புப் பார்வை பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். நான் முன்னால். முதலாளியும் மாமாவும் பின்னால். மாமா அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்ததே அன்றுதான் முதல் தடவை. சாயாமல், சீட்டின் விளிம்பில், இரண்டு கையையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டேரிப்பட்டு வரை கார் அற்புதமாகப் போயிற்று. பாய் ஒரு கையால் ஓட்டினார். "தங்கம்னு சொன்னேன்ல," என்றார். கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எண்பத்தெட்டாங் கல்லு வரட்டும் பாய்," என்றேன்.

எண்பத்தெட்டாம் கல் வந்தது. கார் இடது பக்கம் ஒரு முழம் சரிந்தது. பாயின் இன்னொரு கை தானாக ஸ்டீயரிங்குக்கு வந்தது. திருப்பினார், கார் வலது பக்கம் பாய்ந்தது.

"அரே, என்னாப்பா இது! மாடு மாதிரி இழுக்குது!"

ஜன்னலோரத்தில் முட்டி போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ரோடு தெரிந்தது. இத்தனை நாளும் கல்லைப் பார்த்தேனே தவிர ரோட்டைப் பார்க்கவில்லை. தாரில் இரண்டு தடம், நீளமாக, உழுத சால் போல ஓடிக்கொண்டிருந்தது. விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கரும்பு வண்டிகள் ஆலைக்குப் போகும் வழி அது. வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் தார் இன்னும் இளகியிருக்கும். முன் வண்டி போன தடத்திலேயே பின் வண்டி மாடும் போகும். இரும்புப் பட்டம் அடித்த சக்கரங்கள், பாரத்தோடு, ஒன்றன் பின் ஒன்றாக. சித்திரை வெயிலுக்கு அந்தத் தடம் மூன்று விரல்கடை ஆழம் போயிருந்தது.

பாய் காரை நிறுத்தினார். இறங்கி முன் டயருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை டயர்மேல் வைத்துத் தடவினார். பிறகு பின் டயரைப் போய்த் தடவினார். மறுபடி முன்னால் வந்தார்.

மாசியில் மாற்றிய அந்த இரண்டும் புது டயர் இல்லை. புது டயருக்குச் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டிய காலம். முதலாளி பழைய டயர்களுக்கு மேல் புது ரப்பர் ஒட்டி வாங்கிப் போட்டிருந்தார். ரப்பர் ஒட்டிய இடத்தில் கார் டயருக்கு இருக்கும் பட்டன் பட்டனான வேலைப்பாடு இல்லை. டயரைச் சுற்றி நான்கு ஆழமான நேர்க்கோடுகள். ஓரங்கள் மழுங்காமல் கத்திபோல இருந்தன.

"பாத்தீங்களா சேட்டு," என்றார் பாய். "இது நேரா ஓடுற வரி. ஓரம் வேற கூரா நிக்குது. தடத்துல எறங்குச்சுன்னா செவுத்தப் புடிச்சிக்கும், ஏற வுடாது. பலமாத் திருப்பினா ஒரே எகிறா எகிறும். எங்க தெரு மண்ணு தெரு, அங்க என்னா தெரியும்? நான் ஒரு மடையன், கயிறு புடிச்சி அளந்துக்கினு இருந்தேன்."

ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உட்கார்வது போல என்று எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லத் திரும்பினேன். மாமா அங்கே இல்லை.

ரோட்டோரம் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதலாளி வேறு காரியம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சின்னப் பெண் என்பதால் அந்த நாகரிகம் எனக்குத் தேவையில்லை என்று எண்ணி, சந்தோஷச் செய்தியை முதலில் சொல்ல ஓடினேன்.

மாமா அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் விரித்து வைத்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அழுதார்.

"டயரு மாமா," என்றேன். "டயருதான். பாய் சொல்லிட்டாரு."

"ஆமா கண்ணு," என்றார். "டயருதான். டயருதானாம்."

பிறகு நடந்ததெல்லாம் சுருக்கம். ஷெட்டுக்குத் திரும்பி, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றினார்கள். காற்றையும் கொஞ்சம் இறக்கினார் பாய். மாலையில் மாமாவே ஓட்டினார். தடம் இருந்த இடத்தில் காரின் பின்பக்கம் லேசாக வாலாட்டியது, முன்பக்கம் அசையவில்லை. முதலாளி முண்டியம்பாக்கம் வருவதற்குள் தூங்கிப்போனார். அந்தக் காரில் அவர் தூங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். வேறு ஆள் பார்க்கும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, மாமாவும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் நோட்டை விரித்து அத்தையிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாய் ஓட்டியதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

"பாய் கையிலயும் இழுத்துச்சா? நெசமாவா?"

"அவரு மாடு மாதிரின்னு சொன்னாரு அத்தை."

அத்தை உள்ளே போனாள். குழந்தையின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். அவை துவைத்து மடித்த சட்டைகள். எதற்காக மறுபடி கொடியில் போடுகிறாள் என்று கேட்க நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நோட்டை மூடி வைத்தேன். அன்று மாலை மாமாவை அவள் ஊதச் சொல்லவில்லை. காலில் ஊற்றிக்கொள்ளத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

நோட்டில் கடைசிப் பக்கம் இப்படி எழுதியிருக்கிறேன்: "காரணம்: முன் டயர். செய்தது: முன் பின் மாற்றியது. குறிப்பு: மாமா அழுதார். ஏன் என்று தெரியவில்லை." லோகோ ஷெட் நோட்டைப் போலவே புகாருக்கும் பரிகாரத்துக்கும் கட்டம் நிரம்பிவிட்டது என்பதால் அந்த மூன்றாவது வரியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. பெரியவர்கள் சந்தோஷத்திலும் அழுவார்கள் என்று அம்மா சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

எட்டு வருடம் கழித்து, நான் பாலிடெக்னிக்கில் சேரச் சென்னைக்குக் கிளம்பியபோது, மாமா ரயிலடிக்கு வந்தார். வண்டி தாமதம். பேச வேறு எதுவும் இல்லாததால் அந்தக் காரைப் பற்றிப் பேசினோம். ஏன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை என்று கேட்டேன்.

குடியை விட்ட பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. காலையில் அதிகம், பகலில் குறைவு. குடிக்கிறவர்களுக்குத்தான் கை நடுங்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். விட்டவர்களுக்கும் நடுங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை பார்த்துவிடக்கூடாது என்று மறைத்தார். சித்திரையில் கார் அலையத் தொடங்கியதும், தன் கைதான் என்று நினைத்தார். எவ்வளவு இறுகப் பிடித்தும் நிற்கவில்லை. தொழிலே போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டார். பாய் ஓட்டி நேராகப் போய்விட்டால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"குடிக்கிறேன்னு சொன்னாங்கன்னா அது பொய்யின்னு எனக்குத் தெரியும்," என்றார். "கை போயிடுச்சின்னு தெரிஞ்சா அது நெசம் ஆயிடும்ல. அதுக்குத்தான் ஊதிக்கினு இருந்தேன்."

பத்து வயதில் நான் காரைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனையில் மாட்டிக்கொண்டிருந்தது வேறொன்று என்பது எனக்குத் தெரியவில்லை. அது அவருக்கு எதிராகவும் முடிந்திருக்கலாம் என்பதும் தெரியவில்லை. நான் கேட்டதற்காக எண்பத்தெட்டாம் கல் வரை அவர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானோ அடுத்த கல் எப்போது வரும் என்று ஆவலாக இருந்தேன்.

இன்றைய நிலவரம்: நான் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் அளவெடுத்துப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். மாமாவுக்கு நாற்பத்தொரு வயது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டுகிறார். அத்தையும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு திண்டிவனத்தில் இருக்கிறார்கள். கை நடுக்கம் அந்த வருட ஆவணியிலேயே நின்றுவிட்டதாம். அத்தைக்கு அதைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை.